ட்ரோனா, தொலைநோக்கியா, கயிறா? கடலோரக் காப்பிடத்தைப் பார்த்துக்கொள்ளும் வழிகள்

கடலோரக் காப்பிடம் ஒன்றின் பொறுப்பு புதிதாக ஒரு குழுவின் கைக்கு வந்ததும் நடக்கும் முதல் கூட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஒருவர் ட்ரோன் வாங்கலாம் என்பார். ஒருவர் சுற்றிவர வேலி போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்பார். இன்னொருவர், மனிதன் கைவைக்காமல் இருந்தாலே போதும், மிச்சத்தை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று முடித்துவிடுவார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான காப்பிடங்களில் கையில் இருக்கும் ஆளும் பணமும் ஒன்றரை வேலைக்குத்தான் காணும். எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்தே ஆகவேண்டும்.

இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். எந்தக் கண்காணிப்பு முறையைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "இந்த எண் ஏறினால் என்ன செய்வோம்? இறங்கினால் என்ன செய்வோம்?" என்று கேட்டுப் பார்ப்பேன். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த எண்ணுக்காக ஒருவரைச் சேற்றில் இறக்குவது வீண். இப்படிக் கேட்கப் பழகினால் வரிசை தானாகவே மாறிவிடும். இடத்தை என்ன செய்யப்போகிறோம் என்பது முதலில். எதை எண்ணுவது என்பது அப்புறம். கருவி கடைசியில்.

தொடாமல் விடுவதா, கைவைப்பதா

தொடாமல் விடுவது நன்றாக வேலை செய்யும் இடங்கள் உண்டு. அங்கிருந்து ஏதோ ஒன்றை அளவுக்கு மீறி எடுத்ததுதான் கோளாறு என்றால், எடுப்பதை நிறுத்தினாலே போதும். நியூசிலாந்தின் லீ என்ற ஊரையொட்டிய கடல் காப்பிடம் 1975ல் அறிவிக்கப்பட்டது. மீன்பிடி நின்றதும் ஸ்னாப்பர் மீன்களும் பெரிய இறால்களும் பெருகின. அவை கடல்முள்ளெலிகளைத் தின்றன. முள்ளெலிகள் மொட்டையடித்து வைத்திருந்த பாறைகளில் கெல்ப் என்னும் பெரும்பாசி மறுபடியும் காடாக வளர்ந்தது. அந்தப் பாசியை யாரும் நடவில்லை. மெக்சிகோவின் காபோ புல்மோ 1995ல் தேசியப் பூங்கா ஆனது. 1999க்கும் 2009க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 463 விழுக்காடு கூடியதாகக் கணக்கெடுத்தார்கள்.

ஆனால் "தொடாமல் விடுவது" என்றால் செலவில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. பிலிப்பைன்ஸில் சுமிலோன் தீவின் ஒரு பகுதியை 1974ல் மூடினார்கள். பத்து ஆண்டு கழித்து, காவல் தளர்ந்து, மறுபடியும் வலை விழுந்தது. மூடியிருந்த இடத்தில் மட்டுமல்ல, அதைச் சுற்றியிருந்த கடலிலும் மீன்பாடு குறைந்துபோனது. எதையும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு காவலாளி வேண்டும்; அவருக்குச் சம்பளமும் ஒரு படகும் வேண்டும்.

கரையோர நிலத்துக்கு வந்தால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் கோளாறு எடுத்ததால் வந்ததல்ல, நீரின் வழி மாறியதால் வந்தது. கரை கட்டி அடைத்த சதுப்பை ஐம்பது ஆண்டு சும்மா விட்டாலும், கரை நிற்கும்வரை ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், உள்ளே வராது. ஓதம் வராமல் சதுப்பு திரும்பாது. அதைவிடச் சிக்கல், எது "இயல்பான" நிலை என்பதிலேயே இருக்கிறது. வட ஐரோப்பாவின் வாடன் கடலோரத்தில் உப்புச் சதுப்புகளில் காலங்காலமாக ஆடுமாடு மேய்ந்தது. மேய்ச்சலை நிறுத்திய பல இடங்களில், சதுப்பின் மேட்டுப் பகுதியை ஒரே வகை உயரப் புல் மூடிக்கொண்டது. விடாமல் மேயவிட்ட இடங்களிலோ ஒட்டவெட்டியது போன்ற தரை. வாத்துகளுக்குப் பிடித்தது, புல்லுக்குள் கூடு வைக்கும் பறவைகளுக்கு ஆகாதது. இரண்டில் எது சரி என்று அறிவியல் சொல்லாது. எந்தப் பறவைக்காக அந்த இடத்தை வைத்திருக்கிறோம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சரி, கைவைப்பது என்று முடிவெடுத்தால், மிக எளிதாகத் தவறும் வேலை அலையாத்தி நடவு. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் பெரும் பொருட்செலவில் நட்ட அலையாத்திகளில் பிழைத்தது 10 முதல் 20 விழுக்காடுதான் என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் 2008ல் எழுதினார்கள். காரணம் புரிந்துகொள்ள எளிது. அலையாத்தி முன்பு நின்ற இடமெல்லாம் மீன் பண்ணையாகி, அதற்கு உரிமை கொண்டாட ஆளிருந்தது. யாரும் கேட்காத இடம் அதற்குக் கீழே இருந்த திறந்த சேற்றுவெளிதான். அங்கே கொண்டுபோய் நட்டார்கள். அதுவும் தானாக அங்கே முளைக்கும் மரங்களை விட்டுவிட்டு, விதைக்குச்சியைக் கையில் எடுத்துக் குத்துவதற்கு வசதியான ரைசோபோரா என்ற அலையாத்தி வகையை. நாளின் பெரும்பகுதி நீரில் மூழ்கிக் கிடந்த கன்றுகள் போய்ச் சேர்ந்தன. போதாக்குறைக்கு, நன்றாக இருந்த சேற்றுவெளியும் கெட்டது. அதில் இரை தேடும் உள்ளான் பறவைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இதற்கு மாற்று, அமெரிக்கச் சூழலியலர் ராபின் லூயிஸ் தொடர்ந்து சொல்லிவந்த வழி: கன்றை மறந்துவிட்டு நீரைப் பாருங்கள். அலையாத்தி வளரும் தரை, மொத்த நேரத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோதான் நீருக்கடியில் இருக்கும். தரைமட்டத்தைச் சரிசெய்து, அடைத்த ஓடைகளைத் திறந்துவிட்டால், அருகில் தாய்மரம் இருக்கும்வரை விதை தானாக மிதந்து வரும். மண்வெட்டி வேலை. நடவு விழாவுக்கு இருக்கும் கவர்ச்சி இதற்குக் கிடையாது. வாய்க்கால் வெட்டுவதைப் புகைப்படம் எடுத்து யார் போடுவார்கள்? ஆனாலும் இரண்டில் எனக்கு எது வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் மண்வெட்டி என்பேன்.

வெளியிலிருந்து வந்த செடியைப் பிடுங்குவதும் அப்படித்தான். பார்க்க எளிது, உள்ளே போனால் சிக்கல். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பரவிய ஸ்பார்டினா கலப்பினப் புல்லை அழிக்கத் தொடங்கினார்கள். வேலை நன்றாக நடந்தது. நடக்க நடக்க, அழிவின் விளிம்பில் இருந்த ஒரு கானாங்கோழி இனமும் குறைந்துகொண்டே வந்தது. அதற்கு ஒளிந்துகொள்ள அந்த அந்நியப் புல்தான் வாகாக இருந்திருக்கிறது. கடைசியில் 2011ல் சில இடங்களில் அழிப்பு வேலையையே நிறுத்திவைத்தார்கள். உள்ளூர்ப் புல்லை வளர்த்துக்கொண்டே மெதுவாக அகற்றுவது என்ற பேச்சு அதன்பிறகு வந்தது. புல்லின் பரப்பை மட்டும் அளந்திருந்தால் இது வெற்றிக்கதையாகவே பதிவாகியிருக்கும். கானாங்கோழியையும் எண்ணிக்கொண்டிருந்ததால்தான் நிறுத்த முடிந்தது.

வேலியா, கயிறா

மனிதர்களை என்ன செய்வது என்பதில் முழுக்க மூடுவது, முழுக்கத் திறந்துவிடுவது என்று இரண்டு கட்சிகள் உண்டு. நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும்.

கலிபோர்னியாவில் கோல் ஆயில் பாயின்ட் என்ற சிறு காப்பிடம், பல்கலைக்கழகம் ஒன்றின் பொறுப்பில் இருப்பது. அதன் கடற்கரையில் குளிர்காலத்தில் உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவைகள் வந்து தங்கும். அந்த நாளில் அங்கே முட்டை மட்டும் இடுவதில்லை. நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாய்கள் என்று எப்போதும் நடமாட்டம். 2001ல் மேல்கரையின் ஒரு பகுதிக்கு மட்டும் கயிற்று மறிப்புக் கட்டி, நடப்பவர்களை நீர் ஓரமாகத் திருப்பிவிட்டார்கள். கடற்கரையை மூடவில்லை. தொந்தரவு பாதிக்கு மேல் குறைந்தது. காலையில் கயிற்றுக்கு வெளியே இருந்த பறவைகள், ஆட்கள் வரத் தொடங்கியதும் தாமாகவே உள்ளே நடந்துபோயின. அந்த இடத்திலேயே முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தன, ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாக.

அங்கே செய்த ஒரு சிறு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். காடை முட்டைகளைக் கயிற்றுக்கு வெளியே மணலில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளில் ஒரு கூடு மிதிபடும் வாய்ப்பு 8 விழுக்காடு. கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்தப் பறவை ஏறக்குறைய 27 நாள் அடைகாக்கும். 27 நாளும் ஒவ்வொரு நாளும் 92 விழுக்காடு பிழைத்தால், கடைசி நாள்வரை தப்புவது பத்தில் ஒரு கூடு. நரி, காகம், புயல் எதையும் இதில் சேர்க்கவில்லை, வெறும் பாதம். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு "ஒன்றும் மிதிபடவில்லையே" என்று சொல்பவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

வேலியைவிடக் கயிற்றை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கூடு நகர்ந்தால் கயிறும் நகரும். கடல் மணலை அரித்துக்கொண்டு போனால் ஒரே நாளில் கழற்றி வேறு இடத்தில் கட்டலாம். ஆனால் கயிறு மட்டும் தனியாக வேலை செய்யாது. பக்கத்தில் ஒருவர் நின்று, தொலைநோக்கியில் குஞ்சைக் காட்டி, "இதற்குத்தான் இந்தக் கயிறு" என்று சொல்ல வேண்டும். அந்த அமெரிக்கக் கடற்கரையிலும் தன்னார்வலர்கள் அப்படித்தான் நின்றார்கள். ஆளில்லாக் கயிற்றைத் தாண்டிப்போக யாருக்கும் கூச்சமிருக்காது.

கடலைத் தடுப்பதா, வழிவிடுவதா

இது ஒருமுறை எடுத்தால் திரும்ப முடியாத முடிவு. பழைய கரையைப் பலப்படுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் நன்னீர்ச் சதுப்பு தப்பும். வெளியே இருக்கும் உப்புச் சதுப்போ, ஏறிவரும் கடலுக்கும் நகராத கரைக்கும் நடுவே நசுங்கும். கரையைத் திறந்துவிட்டால் நேர்மாறு. இங்கிலாந்தின் மெட்மெரியில் 2013ல் பழைய கூழாங்கல் கரையை உடைத்து, உள்ளே 7 கிலோமீட்டர் புதுக்கரை எழுப்பி, 183 ஹெக்டேரைக் கடலின் போக்குவரத்துக்கு விட்டார்கள். அதே நாட்டின் வாலசி தீவில், உள்நிலம் ரொம்பத் தாழ்ந்துபோயிருந்ததால், லண்டன் ரயில் சுரங்கங்களில் தோண்டிய 30 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட மண்ணைக் கொண்டுவந்து கொட்டி உயர்த்திவிட்டுத்தான் 2015ல் கரையைத் திறந்தார்கள். சிறு காப்பிடம் தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு ஒருநாள் வரும். அன்றைக்குக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: நம் சதுப்பு, கடலின் வேகத்துக்கு ஈடுகொடுத்து உயருகிறதா? 2006 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் ஏறியது. சதுப்பு எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாமல் அந்த மேசையில் உட்கார்ந்து பயனில்லை.

அதை அளக்கும் கருவி பார்க்கச் சாதாரணமானது. இதற்கு மேல் இறங்காது என்ற ஆழம்வரை ஒரு கம்பியை அடித்து இறக்குவார்கள். அதன் தலையில் ஒரு கையைப் பொருத்தி, கையிலிருந்து ஒன்பது ஊசிகளைச் சேற்றின் மேல்தொலியைத் தொடுமளவு இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை அளப்பார்கள். கையை நான்கு திசைக்கும் திருப்பினால் 36 அளவுகள். பக்கத்திலேயே ஃபெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமப் பொடியை ஒரு படலமாகத் தூவி வைத்தால், சில ஆண்டு கழித்து ஒரு துண்டு சேற்றை வெட்டியெடுத்துப் பார்க்கும்போது, வெள்ளைக் கோட்டுக்கு மேல் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். இரண்டையும் சேர்த்தால் வண்டல் படிந்தும் தரை அடியில் அமுங்குகிறதா என்பதுகூடப் பிடிபடும். ஒரே விதி, அளக்கும் இடத்தில் கால் படக்கூடாது. பலகைமேல் குந்தித்தான் அளக்க வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு நாள் வேலை. பதில் வர ஐந்தாறு ஆண்டாவது ஆகும் என்பதால்தான் பலரும் தொடங்குவதில்லை. அதே காரணத்தால்தான் இப்போதே தொடங்க வேண்டும்.

காலால் நடந்து எண்ணுவது

இனி எண்ணும் முறைகள். பழையது முதலில்.

கடல் ஏறும்போது சேற்றுவெளி கொஞ்சங்கொஞ்சமாக மூழ்கும். அதுவரை கிலோமீட்டர் கணக்கில் சிதறி மேய்ந்த உள்ளான்கள் ஏதாவது ஒரு மணல்திட்டில் வந்து நெருக்கியடித்து நிற்கும். எண்ண வேண்டிய நேரம் அதுதான். தொலைநோக்கியை ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்தி, முதல் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு அகலம் என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, பத்துப் பத்தாகத் தாண்டிப் போக வேண்டும். பாதி வழியில் ஒரு வல்லூறு வரும். மொத்தக் கூட்டமும் எழுந்து, புகைபோல் சுழன்று, வேறு வரிசையில் வந்து உட்காரும். மறுபடியும் ஒன்று, இரண்டு. ஓதம் போதாமல் இருந்தால் பறவைகள் ஒன்றுசேராது. மிகப் பெரிய ஓதமாக இருந்தால் திட்டே மூழ்கி, பறவைகள் காப்பிடத்தைவிட்டே போய்விடும்.

இந்த எண்ணிக்கையில் பிழை உண்டு, நிறையவே உண்டு. ஆனாலும் இதற்கு ஈடு கிடையாது. பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967 முதல் நடக்கிறது. உலகம் முழுக்க இந்த முறையில்தான். ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கையில் ஓர் ஈரநிலம் உலகளவில் முக்கியமானதென்று ஏற்கப்படும் வழிகளில் இரண்டு, 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாக வந்தால் என்பதும், ஓரினத்தின், அல்லது அதன் ஒரு தனிக்கூட்டத்தின், மொத்த எண்ணிக்கையில் 1 விழுக்காடு அங்கே தங்கினால் என்பதும். நாளைக்குப் பக்கத்தில் துறைமுகம் வருகிறது என்றால், மேசைமேல் வைக்கக் கையில் இருக்க வேண்டியது இந்த எண்தான்.

காலால் எண்ணுவதில் கெடுவது கண் அல்ல, ஒழுங்கு. ஒருமுறை, ஒரு காப்பிடத்தின் பழைய கணக்கு நோட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. அழகான கையெழுத்து, மாதவாரியாகக் கட்டங்கள். பாதிக் கட்டங்கள் காலி. அன்று போய் ஒன்றும் இல்லாமல் திரும்பினார்களா, போகவே இல்லையா? எழுதியவருக்கே நினைவில்லை. பூஜ்ஜியம் போட சோம்பல்பட்டதால் பல ஆண்டு உழைப்பில் பாதி போனது. எண்ணும் ஆள் மாறும்போதும் இதே கதைதான். பழையவரும் புதியவரும் ஓராண்டாவது சேர்ந்து நின்று தனித்தனியாக எண்ணினால், இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். அதைச் செய்யாவிட்டால் ஆள் மாறியதையே பறவை குறைந்ததாக வாசிப்போம்.

இன்னொன்று. எண்ணிக்கை குறைந்தால் குற்றம் நம் இடத்தில்தான் என்று இல்லை. ஆஸ்திரேலியக் கரைகளில் வலசைவந்த உள்ளான்கள் பல இனங்கள் குறைந்துபோனதற்கு, வழியில் மஞ்சள் கடலோரத்தில் சேற்றுவெளிகள் தூர்க்கப்பட்டது முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் ஒருவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் எண் இறங்கியிருக்கும். அதனால் நம் கணக்கை எப்போதும் பக்கத்து இடங்களின் கணக்கோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் இறங்கினால் காரணம் வெளியே. நம்மிடம் மட்டும் இறங்கினால் காரணம் உள்ளே.

ட்ரோன்

ட்ரோன் நன்றாக எண்ணும் என்பது உண்மை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் அருகே ஒரு கடற்கரையில் ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் வாத்துகளைப் பறவைக் கூட்டம்போல் பரப்பி, தரையிலிருந்து ஆட்களை எண்ணவிட்டு, ட்ரோன் படங்களிலிருந்தும் எண்ணிப் பார்த்தார்கள். உண்மையான எண்ணிக்கை கையிலேயே இருந்ததால் ஏமாற இடமில்லை. ட்ரோன் கணக்கு 43 முதல் 96 விழுக்காடுவரை கூடுதல் துல்லியம். பிளாஸ்டிக் வாத்துக்கு ஒரு வசதி, அது பறந்துபோகாது.

2021 மே மாதம் கலிபோர்னியாவின் போல்சா சிகா காப்பிடத்தில், பறக்கவிடத் தடை இருந்தும் யாரோ விட்ட ட்ரோன் ஆலா என்ற கடற்பறவைகளின் கூட்டுத்திடலில் விழுந்தது. ஆயிரக்கணக்கான ஆலாக்கள் எழுந்து போனவை திரும்பவில்லை. 1,500 முட்டைகளுக்குக் குறையாமல் மணலிலேயே கிடந்து வீணாயின. ஆய்வாளர் கையில் இருக்கும் ட்ரோன் இப்படி விழாது என்று சொல்லலாம். காற்றுக்கும் உப்புக்கும் அந்த வேறுபாடு தெரியாது. கவனமாக ஓட்டினால் பல பறவைகள் பொறுத்துக்கொள்கின்றன என்று 2015ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் செங்குத்தாக மேலிருந்து இறங்கினால் மிரண்டன. இரைகொல்லிப் பறவை அப்படித்தானே வரும்?

ஆகவே பறவைக்காக ட்ரோன் என்றால் நான் தயங்குவேன். மணல்மேடு எவ்வளவு நகர்ந்தது, புயலுக்குப்பின் கரை எங்கே உடைந்தது, ஸ்பார்டினா எதுவரை வந்திருக்கிறது என்பதற்கெல்லாம் ட்ரோன் அருமை. தரையில் அளந்து குறித்த புள்ளிகளோடு பறக்கவிட்டால் உயரத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் எடுக்கலாம். பறப்பது இருபது நிமிடம்; படங்களைச் சேர்த்து, ஒட்டி, வாசிப்பது பல நாள். வாங்கும்போது எல்லோரும் முதலாவதைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். வாடகைக்கு, ஆண்டுக்கு ஒருமுறை, கூடு வைக்கும் பருவம் முடிந்தபின் என்றால் சரி. சொந்தமாக வாங்குவது பெரும்பாலும் அலமாரிக்குத்தான்.

செயற்கைக்கோள்

இதற்குப் பணமே வேண்டாம். லேண்ட்சாட் வரிசை 1972 முதல் படமெடுக்கிறது. 2008 முதல் அதன் படங்கள் இலவசம். இப்போதைய படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டர். ஐரோப்பாவின் சென்டினல்-2 தருவது 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒருமுறை. அலையாத்திப் பரப்பு கூடியதா குறைந்ததா, கழிமுகத்தின் வாய் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கு இது போதும். வேறெந்த முறையாலும் முடியாத ஒன்றையும் இது செய்யும்: நாம் பொறுப்பேற்பதற்கு முப்பது ஆண்டு முன்னால் இடம் எப்படி இருந்தது என்று காட்டும்.

கடற்கரையில் மட்டும் ஒரு கண்ணி உண்டு, பலரும் அதில் மாட்டுகிறார்கள். இந்தக் கோள்கள் ஓரிடத்தை எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் கடக்கும். சென்டினல்-2 என்றால் காலை பத்தரை வாக்கில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றமும் பெரிய வற்றமும் பல கரைகளில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே கடிகார நேரத்துக்குத்தான் வரும். கோள் கடக்கும் நேரமும் கடல் வற்றும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால், ஆண்டுக்கணக்கில் படம் எடுத்தும் கடல் முழுதாக வற்றிய கோலம் ஒருமுறைகூடச் சிக்காமல் போகலாம். இரண்டு படத்தை வைத்துக்கொண்டு "கரை இருபது மீட்டர் அரித்துவிட்டது" என்று அறிக்கை எழுதுவதற்கு முன், அந்த இரண்டு நாளும் அந்த நேரத்தில் ஓதம் எவ்வளவு இருந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

மற்றவை

ஒலிப்பதிவுப் பெட்டியை மரத்தில் கட்டிவிட்டால் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். மறைந்து வாழும் பறவைக்கு நல்லது, ஆனால் அந்தப் பதிவைக் கேட்க யார் இருக்கிறார்கள்? நீரில் கலந்த மரபணுவைச் சோதிக்கும் முறை, எந்த மீன் இருக்கிறது என்பதற்கு உதவும். எத்தனை என்பதை நம்பிச் சொல்லாது. ஓதம் அதை எங்கிருந்து கொண்டுவந்தது என்பதும் தெளிவில்லை. இரண்டும் பல்கலைக்கழகம் கூட்டுச்சேர்ந்தால் பார்க்கலாம்.

எல்லோரும் மறப்பது காவலாளியின் நோட்டு. யார் வந்தார், எங்கே வலை கிடந்தது, எத்தனை நாய். அதை ஒழுங்காகச் சேர்க்க ஸ்மார்ட் என்ற இலவச மென்பொருளே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த மாதம் பத்து வலை பிடித்தோம், போன மாதம் ஐந்துதான் என்றால் திருட்டு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த மாதம் இரண்டு மடங்கு ரோந்து போயிருக்கலாம். நடந்த கிலோமீட்டரையும் மணியையும் எழுதாவிட்டால் அந்தப் பத்துக்கு மதிப்பே கிடையாது.

எதை எடுப்பேன்

பறவைக்குப் பேர்போன சேற்றுவெளி என்றால்: மாதம் ஒருமுறை கடல் ஏறும் நேரத்துப் பறவைக் கணக்கு, கூடு வைக்கும் பருவத்தில் கயிறும் ஆளும், ரோந்து நோட்டு. ட்ரோன் வேண்டாம்.

அலையாத்தியோ உப்புச் சதுப்போ என்றால்: செயற்கைக்கோள் படம் ஆண்டுக்கு ஒன்று, ஒரே பருவத்தில், ஓதம் பார்த்து. ஊசிக் கருவி மூன்று இடத்திலாவது. மிச்சப் பணம் முழுக்க ஓடை திறக்கும் மண்வெட்டிக்கு. நடவு செய்தே ஆகவேண்டும் என்று யாராவது நின்றால், முதலில் தரைமட்டத்தை அளந்து காட்டச் சொல்வேன்.

ஆமை ஏறும் மணற்கரை என்றால் விடிகாலையில் நடப்பதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை. ஏறிய தடம், இறங்கிய தடம், நடுவில் முட்டையிட்ட குழி உண்டா, இல்லை வெறுமனே திரும்பிவிட்டதா என்று மணலே எழுதி வைத்திருக்கும். வெயிலும் ஆள் நடமாட்டமும் அதை அழிப்பதற்குள் வாசித்துவிட வேண்டும்.

மூன்றிலும் பொதுவாக ஒன்று செய்வேன். எண்ணத் தொடங்குவதற்கு முன்பே, எந்த எண்ணில் என்ன செய்வோம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு வைத்துவிடுவேன். "மூன்றாண்டுச் சராசரி இவ்வளவுக்குக் கீழே போனால், பக்கத்து இடங்களில் அப்படி இல்லாவிட்டால், கயிற்றை வடக்கே நூறு மீட்டர் நீட்டுவோம்" என்பதுபோல. மூன்றாண்டு எதற்கு என்றால், ஓராண்டு இறக்கம் காலநிலையாலும் இருக்கும், எண்ணியவரின் ஜலதோஷத்தாலும் இருக்கும். எண் வந்தபிறகு இதைப் பேச உட்கார்ந்தால் கூட்டம் மறுபடியும் ட்ரோனில்தான் போய் நிற்கும்.

அப்புறம் அந்த நோட்டின் முதல் பக்கத்தில், காலிக் கட்டம் விடாதே, ஒன்றும் இல்லாவிட்டால் பூஜ்ஜியம், போகாவிட்டால் ஒரு கோடு என்று சிவப்பு மையில் எழுதி வைப்பேன்.